ஆறுதல் சொல்ல என்ன அவசரம்?

டிசம்பர் துயரங்களைச் சுமக்கும் குமரிக் கடற்கரை, வாக்குத்தத்த அட்டைகளுக்குத் தெரியாத ஒரு நம்பிக்கையைக் கற்றுத்தருகிறது.

டிசம்பர் 31 நள்ளிரவு. வாட்ச்நைட் ஆராதனை முடியும் நேரம். பீடத்தருகே ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வரிசையில் வருகிறவர்கள் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்றாக எடுக்கிறார்கள். எடுத்ததும் ஓரமாக ஒதுங்கி, விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கிறார்கள். பையனின் பிளஸ் டூ பரீட்சை, பெண்ணுக்கு இன்னும் அமையாத வரன், வட்டி ஏறிக்கொண்டே போகும் நகைக்கடன் என்று எல்லாவற்றுக்கும் அந்த நாலு வரியில் பதில் இருக்கிறதா என்று தேடும் கண்கள். விடிவதற்குள் அந்த வசனம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். பொங்கலுக்குள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டுவிடும்.

கஷ்ட காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் எப்படி நம்பிக்கை தருகிறது என்று கேட்டால், இன்றைக்குப் பலரும் முதலில் கைகாட்டுவது இந்த அட்டையைத்தான். ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நோயையும் கடனையும் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டை சொன்னபடி நடக்காத வீடுகளும் இருக்கின்றனவே! அவர்களுக்கு விசுவாசம் என்ன தருகிறது? அதைத் தெரிந்துகொள்ள, இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை நீளும் கடற்கரைக்குப் போக வேண்டும்.

ஒரே படகு, ஒரே ஜெபமாலை

இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. கேரள எல்லையை ஒட்டி ஒன்றோடொன்று தோளுரசி நிற்கும் எட்டு ஊர்கள். குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும், கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் இவை இன்றும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இவர்களுக்கு ஈடில்லை என்று மேற்குக் கடற்கரை முழுக்கச் சொல்வார்கள். ஒருமுறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பாத தொழில்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, இந்த ஊர்களின் ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள். புயல் உருவாகும் முன்பே புறப்பட்டுப் போனவர்களை எந்த எச்சரிக்கையும் எட்டவில்லை. தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஒதுங்கின. யார் வந்தார், யார் வரவில்லை என்று பங்கு அலுவலகங்களில் பட்டியல் எழுதினார்கள். ஒரு பெயரை அடிப்பதும், அடித்த பெயரை மறுபடி சேர்ப்பதுமாக நாட்கள் போயின. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம் அது. டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அந்த வருடம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அன்றைக்கே வந்தது. காத்திருப்பின் காலம் என்று திருச்சபை பெயரிட்டிருக்கும் நான்கு வாரங்களை, அந்த ஊர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு கழித்தன.

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டே கிடந்தோம், மாதாதான் காப்பாற்றினார் என்பார்கள். அது அவர்களுடைய உண்மை. அதே படகைப் பிடித்துக்கொண்டு, அதே ஜெபமாலையைச் சொல்லி, கை மரத்துப்போய் விட்டுவிட்டவரின் மனைவி அடுத்த தெருவில் இருக்கிறார். அவருக்கு நாம் என்ன சொல்வது? விசுவாசத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இரண்டு வீட்டு வாசலிலும் நின்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் செல்லுபடியாகும் நம்பிக்கை, இன்னொரு வீட்டுக்குக் குற்றச்சாட்டாகவே போய்ச் சேரும்.

உடல் கிடைக்காத சாவில் இன்னொரு கொடுமை உண்டு. அழுது முடிக்க முடியாது. அழுதால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அழாமல் இருந்தால் நெஞ்சு வெடிக்கும். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் பொதுவாகக் கேட்பது 7 ஆண்டுகள். ஒக்கியில் அந்த விதியைத் தளர்த்தித்தான் காணாமல் போனோரின் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கப்பட்டது. சட்டத்தைத் தளர்த்தலாம், மனதை எப்படித் தளர்த்துவது? உடம்பைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று கேட்கும் தாய்க்கும் மனைவிக்கும் வேதாகமத்தில் ஒரு துணை உண்டு. காயத்தில் கை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த தோமையார். அவரைச் சந்தேகப் பேர்வழி என்று கேலி செய்வதற்கே நாம் பழகிவிட்டோம். யோவான் எழுதியதை நிதானமாக வாசித்தால், எட்டு நாள் அவர் நம்பாமலேயே மற்றச் சீடர்களோடு இருந்திருக்கிறார் என்பது தெரியும். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று உபவாசம் போடச் சொல்லவுமில்லை. அந்த எட்டு நாள் பொறுமைதான் ஒரு சபை கொடுக்கக்கூடிய முதல் ஆறுதல்.

உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி நிறைவேற்றக் கத்தோலிக்க வழிபாட்டில் இடமுண்டு. ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று திருப்பலிகள் தொடரும். அன்பியக் கூட்டங்களில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபமாலை சொல்லும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெயர் வாசிக்கப்படும். இவற்றில் எதுவும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. நீ தனியாக இல்லை, உன் ஆள் மறக்கப்படவில்லை என்று மட்டும் வருடாவருடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம்பிக்கை என்பது மனசுக்குள் பொங்கும் ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தோஷம் வராத ஆண்டுகளிலும் மனிதரைத் தாங்கியது இந்த நாள்காட்டிதான்.

இரண்டு ஆண்டா, எழுபது ஆண்டா?

அட்டைக்கு வருவோம். வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் அடிபடும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தம் மக்களுக்காகத் தாம் நினைத்திருப்பது நன்மைதான், அவர்கள் எதிர்பார்க்கும் முடிவு உண்டு என்று கடவுள் உறுதி சொல்லும் இடம். கல்யாண அழைப்பிதழில் இருக்கும். காரின் பின்கண்ணாடியில் இருக்கும். அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது என்பதையும், கடிதம் யாருக்குப் போனது என்பதையும் அட்டை சொல்வதில்லை.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அவர் பிடுங்கி, எல்லார் முன்னிலையிலும் உடைத்துப் போடுகிறார். இரண்டே ஆண்டில் பாபிலோன் ராஜாவின் நுகம் இப்படி உடையும், போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அறிவிக்கிறார். கூட்டம் எப்படிக் கைதட்டியிருக்கும்! எரேமியாவும், அப்படி நடந்தால் நல்லதுதான் என்கிறார். ஆனால் அவர் கடிதத்தில் எழுதியது வேறு. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கும் ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள், சொப்பனக்காரர்களிடம் ஏமாறாதீர்கள். ஏனென்றால் இது முடிய 70 ஆண்டு ஆகும். அந்த எழுபது ஆண்டு 10-ஆம் வசனம். அட்டையில் ஏறியது அடுத்த வசனம்.

மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்ற வரியை வீசிவிட்டு வருவது போன்ற வேலை இது. எழுபது ஆண்டு என்றால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குறுதி. தன் வாழ்நாளில் பலிக்காத ஒன்றை நம்பி ஒருவன் தோட்டம் போடுவதும் நம்பிக்கைதான். இந்த வருடமே உன் வாசல் திறக்கும் என்று சொல்கிறவர் எரேமியாவின் வசனத்தைப் பிடித்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறார்.

வசனத்தைச் சீட்டுப்போல எடுக்கும் பழக்கத்தில் தப்பில்லை. அதற்கு நல்ல பூர்வீகமும் உண்டு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹுட் என்ற ஊர். மதத்துக்காக ஊரை விட்டு ஓடிவந்த மொரேவிய அகதிகள் சின்சண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722-இல் குடியேறி உருவாக்கியது. 1728-இல் அங்கே தினம் ஒரு வசனம் என்ற வழக்கம் தொடங்கியது. 1731 முதல் அது ஆண்டுக்கொரு புத்தகமாக இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. அதே ஊர்க்காரர்கள்தான் 1732-இல் ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடும் வழக்கத்தையும் ஆரம்பித்தார்கள். ஒரு கையில் அன்றைக்கான வசனம், கண்ணெதிரே செத்துப்போனவர்களின் வரிசை. இரண்டையும் அவர்கள் பிரிக்கவில்லை. அவர்களில் சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்கள் காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, கடைசியில் அந்தப் பணியையே கைவிட வேண்டியிருந்தது. காலையில் வசனம் எடுத்த கை, சாயங்காலம் குழி வெட்டியது. நாம் அவர்களிடமிருந்து வசனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கல்லறையை விட்டுவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

சாட்சி நேரத்தில் யாருக்கு மைக்?

இந்தக் கவலை சும்மா வந்ததல்ல. சாட்சி நேரத்தைக் கவனித்தால் புரியும். ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்தவர் எழுந்து நின்று பேசுவார். வேலை கிடைத்தவர் பேசுவார். ஆபரேஷனுக்குப் பிறகும் மகளைப் பறிகொடுத்தவர் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார். கொரோனா ஓய்ந்த பிறகு எத்தனை சபைகளில், எங்கள் வீட்டு வாசலை வாதை நெருங்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள்! அடக்க ஆராதனைக்குக்கூட ஆள் கூட முடியாமல் அப்பாவைப் புதைத்த பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு அதே கூடத்தில் இருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் தோளைத் தொட்டு, "ஏதோ ஒரு தடை இருக்கு சிஸ்டர், மூணு நாள் உபவாசம் எடுங்க" என்பார். கெட்ட எண்ணம் கிடையாது. எதிரே நிற்பவரின் கண்ணீரைத் தாங்க முடியவில்லை, எதையாவது சொல்லி நிறுத்தியாக வேண்டும் என்ற பதற்றம்தான். செல்போன் வந்ததும் அந்தப் பதற்றத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. இழவுச் செய்தி வந்த இரண்டாம் நிமிடம் கைகூப்பிய பொம்மையோடு வசனம் வந்து விழுகிறது. ராத்திரி தூக்கம் வராதவர்கள் யூடியூபில் தீர்க்கதரிசனம் கேட்கிறார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியே என்று கூப்பிட, அந்தச் சகோதரி இருட்டில் தனியாக அழுகிறார். அடுத்த வீட்டு விசுவாசிக்கு அது தெரியாது.

யோபுவின் நண்பர்களை நாம் திட்டுகிறோம். அவர்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வந்தவுடன் வாயைத் திறக்கவில்லை. 7 நாள் இராப்பகலாகத் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அவர்கள் சுற்றிச் சுற்றிச் சொன்னதையும், கடவுளிடமே வழக்குக்கு வா என்று யோபு கத்தியதையும் ஒப்பிட்டு, என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று கடைசியில் கடவுளே தீர்ப்புச் சொல்கிறார். சுனாமியைப் பாவத்துக்குத் தண்டனை என்று வியாக்கியானம் செய்தவர்கள் அந்தக் கடைசி அதிகாரத்தைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

அழுகைக்கு வேதாகமம் கொடுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள் என்பது வேத அறிஞர்கள் கணக்கு. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை வெளிச்சத்தில் முடித்துவைக்க எந்தக் கையும் துணியவில்லை. எருசலேம் தரைமட்டமானதை அழும் புலம்பல் புத்தகத்தில் 5 அதிகாரங்கள். முதல் நான்கும் எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் கட்டிய பாட்டுகள். அழுகையை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள் என்றால், ஒரு எழுத்தையும் மிச்சம் வைக்காமல் அழுது தீர்ப்பதென்று அர்த்தம். கடவுளின் கிருபையைப் பற்றிய புகழ்பெற்ற வரிகள் மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் வருகின்றன. அதோடு புத்தகம் முடிந்துவிடவில்லை. மறுபடி அழுகைக்கே திரும்பி, எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரா என்ற கேள்வியில் நிற்கிறது. சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்டதும் கைவிடப்பட்டவனின் சங்கீதத்தைத்தான். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அந்த வார்த்தைக்குப் பிரசங்கம் செய்கிற நாம், மற்ற நாட்களில் அப்படி ஒருவர் ஜெபித்தால் முகம் சுளிக்கிறோம்.

கிறிஸ்துமஸ் கதையே அழுகையை விலக்கிவைக்கவில்லை. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றான், தாய்மார்கள் ஆறுதல் வேண்டாம் என்றார்கள் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை அந்தக் குழந்தைகளுக்கு டிசம்பர் 28-ஐக் கொடுத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், ஸ்டார் இன்னும் வாசலில் தொங்கும்போதே. 2004-இல், சுனாமி வந்த இரண்டாம் நாளான அந்த நாளில், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறுதல் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்று நற்செய்தியே எழுதி வைத்திருப்பது, அந்தத் தாய்மார்களுக்கு எந்த வாக்குத்தத்தத்தையும்விடப் பெரிய காரியம்.

தண்டவாளத்தில் ஒரு முறையீடு

அழுதுகொண்டே இருந்தால் எழுந்திருப்பது எப்போது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலை 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் பார்த்தோம். கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், குழந்தைகள், குருக்கள், கன்னியர்கள். கடலில் இருப்பவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இரவு வரை ரயில்கள் நின்றன. கோயிலில் கடவுளிடம் ஏன் என்று கேட்கக் கூச்சப்படாத கூட்டம், அதிகாரத்தின் முன்னாலும் கேட்கக் கூச்சப்படவில்லை. எல்லாம் ஆண்டவர் சித்தம், அமைதியாக இருங்கள் என்று பழக்கியிருந்தால் அந்தத் தண்டவாளத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? முறையிடத் தெரிந்தவனுக்குத்தான், கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கை செத்தவன் வாயே திறக்க மாட்டான்.

அந்த ஆண்டு அந்த ஊர்களில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமாக இல்லை. ஆனாலும் திருப்பலி நடந்தது. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். படகுகள் கடலுக்குப் போயின. தூத்தூரில் இருக்கும் கல்லூரிக்குப் புனித யூதா ததேயுவின் பெயர். கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பரிந்து பேசுகிறவர் என்று கத்தோலிக்கர் நம்பும் புனிதர். மீன்பிடி வீடுகளின் பிள்ளைகள் அந்தப் பெயருள்ள வாசலைத் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்குகிறார்கள். எழுபது ஆண்டுக் கணக்கில் யோசிக்கிறவர்கள் செய்யும் வேலை இது. எரேமியா தோட்டம் போடச் சொன்னார், இவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

ஆகவே போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு ஞாயிறாவது, ஜெபம் கேட்கப்படாதவர்களுக்கு மைக்கைக் கொடுங்கள். முடிவில் வெற்றி வசனம் சொல்லி அதைச் சரிக்கட்டாதீர்கள். எரேமியா 29-ஐ வாசிப்பதென்றால் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

விசுவாசிகளுக்கும் ஒன்று. அடுத்த தடவை துக்க வீட்டுக்குப் போகும்போது வசனத்தைத் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். அந்த வீட்டுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடக்க வேண்டும். ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் அழுதால் அழ விடுங்கள், கடவுளைத் திட்டினால் திட்ட விடுங்கள். அவருக்கு அது புதிதல்ல. எல்லாரும் கலைந்துபோன பிறகு, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மறுபடி போங்கள். ஆறுதல் தேவைப்படும் காலம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.